அமெரிக்க வரலாற்றுப் புத்தகம் வாங்க எந்தப் பரிசுப் பட்டியலை நம்புவது?

#1 கீழவாசல் குமார்

நண்பர்களுக்கு வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்க வரலாறு படிக்கும் பித்துப் பிடித்திருக்கிறது. மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அங்கே பழைய புத்தகக் கடையில் அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். எடுக்கிற புத்தகம் ஒவ்வொன்றின் அட்டையிலும் ஏதாவது ஒரு பரிசு முத்திரை. புலிட்சர், பான்கிராஃப்ட், பார்க்மன், லிங்கன் பரிசு, ஜார்ஜ் வாஷிங்டன் பரிசு...

கடைசியாகப் படித்தது ஜேம்ஸ் மெக்ஃபெர்சனின் உள்நாட்டுப் போர் வரலாறு, 'பேட்டில் க்ரை ஆஃப் ஃப்ரீடம்'. 1989 புலிட்சர். பிரமாதம். அதை நம்பி அடுத்து ஒரு முத்திரைப் புத்தகம் வாங்கினேன். ஐம்பது பக்கம் தாண்டவில்லை.

இரண்டு சந்தேகங்கள். பான்கிராஃப்ட் பரிசு 10,000 டாலர். லிங்கன் பரிசு 50,000 டாலர். ஆனால் பேராசிரியர்கள் பெரிதாகப் பேசுவது பான்கிராஃப்டைத்தான். ஏன் இப்படி? இரண்டாவது, பரிசு கொடுத்துவிட்டார்கள் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

#2 நூலகப்பூனை

குமார் சார், நான் இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

அமெரிக்க வரலாற்றுத் துறையில் பான்கிராஃப்ட் என்ற பெயரில் மூன்று பேர். பல தொகுதிகளாக அமெரிக்க வரலாறு எழுதிய ஜார்ஜ் பான்கிராஃப்ட் ஒருவர். கலிஃபோர்னியா, மேற்குப் பகுதிப் புத்தகங்களைச் சேர்த்த ஹியூபர்ட் ஹோ பான்கிராஃப்ட் இன்னொருவர். பரிசுக்குக் காரணமானவர் இவர்கள் இருவரையும்விடக் குறைவாக அறியப்பட்ட ஃபிரெடரிக் பான்கிராஃப்ட். வெளியுறவுத் துறை நூலகராக இருந்தவர் (என் இனம்!). 1931ல் தெற்கு மாநிலங்களின் அடிமை வியாபாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பண்ணை முதலாளிகள் அடிமைகளைப் பெரும்பாலும் விற்கமாட்டார்கள், வியாபாரிகளைக் கேவலமாகத்தான் பார்த்தார்கள் என்று அப்போது ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. இவர் பழைய செய்தித்தாள் விளம்பரங்களையெல்லாம் தோண்டி, அது எவ்வளவு பெரிய, ஊரறிந்த, மதிப்பான தொழிலாக நடந்தது என்று காட்டினார். 1945ல் இறந்தபோது கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்த சொத்திலிருந்து 1948ல் பரிசு தொடங்கியது. பொதுவாக ஆண்டுக்கு இரண்டு புத்தகங்கள். முதல், இரண்டாம் என்று தரம் கிடையாது, இரண்டும் சமம்.

புலிட்சரும் கொலம்பியாவில்தான் நிர்வகிக்கப்படுகிறது. ஆனால் நடைமுறை வேறு. அங்கே நடுவர் குழு மூன்று புத்தகங்களைப் பரிந்துரைக்கும், அதோடு அவர்கள் வேலை முடிந்தது. எதற்குப் பரிசு என்று முடிவு செய்வது புலிட்சர் வாரியம். அதில் பெரும்பாலும் பத்திரிகையாளர்கள், கூடவே சில பேராசிரியர்கள். மூன்றும் வேண்டாம் என்று வாரியம் சொல்லிவிடவும் செய்யலாம். 1919, 1984, 1994 ஆகிய ஆண்டுகளில் வரலாற்றுக்குப் பரிசே இல்லை. பான்கிராஃப்டில் படிப்பவர்களும் வரலாற்றாசிரியர்கள், தேர்ந்தெடுப்பவர்களும் அவர்களே. சக தொழிலாளி கொடுக்கிற பரிசுக்கு மதிப்பு அதிகம்தானே?

ஒரு கொசுறு: புலிட்சர் என்றதும் எல்லோரும் தங்கப் பதக்கம் என்று நினைக்கிறார்கள். பதக்கம் பொதுச்சேவைக்காகப் பத்திரிகைகளுக்கு மட்டும்தான். வரலாற்றாசிரியருக்கு 15,000 டாலரும் ஒரு சான்றிதழும்.

#3 ராஜி_நியூஜெர்சி

பூனை, நீங்கள் சொல்வது சரி, ஆனால் ஒரு வாசகியாக நான் புலிட்சர் கட்சி. வரலாற்றாசிரியர்கள் வரலாற்றாசிரியர்களுக்காகத் தேர்ந்தெடுத்தால் குமார் சாருக்கு நடந்ததுதான் நடக்கும், ஐம்பது பக்கத்தில் தூக்கம். பத்திரிகைக்காரர்களுக்குச் சாதாரண ஆள் எங்கே புத்தகத்தைக் கீழே வைப்பான் என்று தெரியும்.

எழுத்துதான் முக்கியம் என்றால் பார்க்மன் பரிசைப் பாருங்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் சங்கம் 1957லிருந்து கொடுக்கிறது. ஆய்வு மட்டும் போதாது, இலக்கியமாகவும் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதல் பரிசு ஜார்ஜ் கென்னனுக்கு. அவர் ராஜதந்திரி, பேராசிரியராக ஆரம்பித்தவர் கிடையாது. ரஷ்யா முதல் உலகப்போரிலிருந்து விலகிய கதையை எழுதினார். அதே புத்தகத்துக்குப் புலிட்சர், பான்கிராஃப்ட் எல்லாமே கிடைத்தது. ஆக, நன்றாக எழுதினால் எல்லாக் கட்சியும் ஓட்டுப் போடும்.

பார்பரா டக்மன் கதை தெரியுமா? 'தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்', 1914ல் போர் வெடித்த முதல் மாதத்தைப் பற்றியது. எல்லோரும் கொண்டாடிய புத்தகம். ஆனால் புலிட்சர் வரலாற்றுப் பரிசு அமெரிக்க வரலாற்றுக்கு மட்டும்தான். ஐரோப்பியப் போர் அதில் வராது. அதனால் அப்போது புதிதாக ஆரம்பித்திருந்த பொது அபுனைவுப் பிரிவில் 1963ல் கொடுத்தார்கள். பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லலாம்.

#4 எட்டயபுரத்தான்

பரிசுப் பட்டியலைப் புத்தகம் வாங்கப் பயன்படுத்துவதைவிட, அந்தந்தக் காலத்து அமெரிக்கா தன்னைப் பற்றி என்ன கேட்க விரும்பியது என்று பார்க்கப் பயன்படுத்தலாம். அதற்கு அருமையான ஆவணம் அது.

முதல் புலிட்சர் வரலாற்றுப் பரிசு 1917. யாருக்கு? வாஷிங்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதர் ஜுஸ்ஸராண்டுக்கு. பிரான்சும் அமெரிக்காவும் பழைய சிநேகிதர்கள் என்ற பாணியில் எழுதிய புத்தகம். அதே ஆண்டு ஏப்ரலில்தான் அமெரிக்கா பிரான்ஸ் பக்கம் சேர்ந்து போரில் குதித்திருந்தது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

அடுத்து 1935. கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' எழுதுகிறார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டு, சட்டமன்றத்தில் உட்கார்ந்து, பொதுப் பள்ளிகளைக் கட்டிய அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் வரலாறு. அதுவரை பாடப்புத்தகத்தில் அந்தக் காலம் என்றால் ஊழல், குழப்பம், தகுதியில்லாதவர்கள் ஆட்சி. டு பாய்ஸ் கடைசி அத்தியாயத்தில் அந்த வரலாற்றாசிரியர்களைப் பெயர் சொல்லிக் கிழித்திருப்பார். அதில் முக்கியமானவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள். அடுத்த ஆண்டு புலிட்சர் யாருக்கு? ஓர் அரசியல் சாசன வரலாற்றுக்கு. டு பாய்ஸ் புத்தகத்துக்குப் பரிசு எதுவும் இல்லை.

அப்புறம் 1988ல் எரிக் ஃபோனர் அதே காலத்தைப் பற்றி எழுதுகிறார். டு பாய்ஸ் போட்ட பாதை என்று அவரே ஒப்புக்கொள்கிற புத்தகம். 1989ல் பான்கிராஃப்ட் கிடைக்கிறது. ஃபோனர் எங்கே பேராசிரியர்? கொலம்பியாவில். பரிசு கொடுத்தது? கொலம்பியா. நடுவில் போனது 50 வருஷத்துக்கும் மேல்.

புலிட்சர் வரலாற்றுப் பரிசை ஒரு கறுப்பினத்தவர் முதன்முதலில் வாங்கியது 2009ல். அனெட் கார்டன்-ரீட், அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் வீட்டு அடிமைகளான ஹெமிங்ஸ் குடும்பத்தின் வரலாறு. 1917லிருந்து எண்ணிப் பாருங்கள்.

#5 பழைய வாத்தியார்

எட்டயபுரத்தார் சொன்ன கோணம் சரி. ஆனால் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். டு பாய்ஸின் அந்த நூலில் மூல ஆவணங்கள் குறைவு. அச்சில் வந்த அரசு அறிக்கைகள், பிறர் எழுதிய நூல்கள், இவற்றை வைத்தே பெரும்பகுதி எழுதியிருக்கிறார். அதைக் குறையாகச் சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். பரிசு மறுக்கப்பட்டதற்கு நிறவெறி ஒன்றே காரணம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம்.

#6 எட்டயபுரத்தான்

ஐயா, மூல ஆவணம் ஏன் குறைவு என்று கேட்டால் நிறவெறிக்கே திரும்பி வந்து நிற்போம். தெற்கு மாநில ஆவணக் காப்பகத்தில் ஒரு கறுப்பின ஆய்வாளர் உட்கார்ந்து படிப்பது அப்போது எவ்வளவு லேசான காரியம் என்று பாருங்கள்.

ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் பிறகு பெரிய வரலாற்றாசிரியர் ஆனவர். 1939ல் மாணவராக வட கரோலினாவின் ராலி நகரக் காப்பகத்துக்குப் போகிறார். இயக்குநர் திகைத்துவிட்டார். இந்தக் கட்டடத்தைக் கட்டியபோது ஒரு நீக்ரோ வந்து ஆய்வு செய்வார் என்று யாரும் யோசிக்கவில்லை என்ற மாதிரி சொல்லி, சில நாள் அவகாசம் கேட்டார். வாசிப்புக் கூடத்தில் வெள்ளையர்களோடு உட்கார வைக்க முடியாதே, அதனால் எதிரே ஒரு தனி அறை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளை ஊழியர்கள் இவருக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பதும் ஆகாது. அதனால் ஆவணக் கிடங்கின் சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள், நீயே போய் எடுத்துக்கொள் என்று. கொஞ்ச நாளில் என்ன ஆயிற்று? இவர் மட்டும் உள்ளே போய் வேண்டியதை எடுக்கிறாரே, எங்களுக்கு ஏன் அந்த வசதி இல்லை என்று வெள்ளை ஆய்வாளர்கள் புகார் செய்தார்கள். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

#7 கீழவாசல் குமார்

சாவிக் கதை அபாரம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. பரிசு வாங்கிய புத்தகம் தப்பு என்று ஆனதுண்டா?

#8 பழைய வாத்தியார்

ஆனதுண்டு. அதுவும் பான்கிராஃப்டிலேயே.

மைக்கேல் பெலிசைல்ஸ், எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர். 2000ல் 'ஆர்மிங் அமெரிக்கா' என்ற நூலை வெளியிட்டார். தொடக்ககால அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தது என்பது கட்டுக்கதை, உள்நாட்டுப் போரை ஒட்டித்தான் துப்பாக்கிப் பண்பாடே உருவானது என்பது அவர் வாதம். துப்பாக்கி உரிமை அங்கே எப்படிப்பட்ட அரசியல் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கொண்டாட்டம், மறுபக்கம் கொதிப்பு. 2001ல் பான்கிராஃப்ட் கொடுத்தார்கள்.

வாதத்தின் முக்கியமான தூண்களில் ஒன்று இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள். ஒருவர் இறந்தால் அவர் வீட்டில் என்னென்ன இருந்தது, கட்டில், பானை, பசுமாடு என்று நீதிமன்றத்துக்காக எழுதி வைப்பார்கள். ஆயிரக்கணக்கான பட்டியல்களைப் பார்த்தேன், துப்பாக்கி இருந்த வீடுகள் கொஞ்சம்தான் என்றார் பெலிசைல்ஸ். சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் லிண்ட்கிரென் அதே ஊர்களின் பட்டியல்களை எடுத்து எண்ணினார். எண்ணிக்கை ஒத்துவரவில்லை, துப்பாக்கிகள் நிறையவே இருந்தன. ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் உயில் எழுதாமலே செத்துப்போனவர்களின் உயிலைப் படித்ததாகக் கணக்கு வந்தது. இன்னும் மோசம், சான் ஃபிரான்சிஸ்கோ ஆவணங்களைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். அந்த ஆவணங்கள் 1906 பூகம்பத்திலும் தீயிலும் அழிந்துபோனவை.

குறிப்பேடுகளைக் காட்டுங்கள் என்றார்கள். மஞ்சள் தாள்களில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தேன், அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து எல்லாம் நாசமாகிவிட்டது என்றார். எமரி பல்கலைக்கழகம் வெளியிலிருந்து மூன்று அறிஞர்களை வைத்து விசாரித்தது. 2002 அக்டோபரில் அறிக்கை வெளியானது, அவர் பதவி விலகினார். டிசம்பரில் கொலம்பியா பரிசை ரத்து செய்து பணத்தையும் திருப்பிக் கேட்டது. பான்கிராஃப்ட் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

பெலிசைல்ஸ் கடைசிவரை மோசடி செய்யவில்லை என்றே சொன்னார். சில இடங்களில் தவறு நடந்திருக்கலாம், முழு வாதமும் அதைச் சார்ந்ததில்லை என்பது அவர் பக்கம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

#9 ராஜி_நியூஜெர்சி

அய்யோ. அப்படியென்றால் அந்த நடுவர்கள் என்னதான் செய்தார்கள்? சக தொழிலாளி கொடுக்கிற பரிசு என்றீர்களே பூனை! எரிந்துபோன ஆவணம் என்பதுகூடவா வரலாற்றாசிரியர்களுக்குத் தெரியாது?

#10 நூலகப்பூனை

வம்புக்கு இழுக்காதீர்கள் ராஜி. ஒரு நடுவர் முன்னால் சில மாதங்களில் வந்து குவியும் புத்தகங்கள் நூறைத் தாண்டும். ஒவ்வொன்றிலும் அடிக்குறிப்புகளே நூறு பக்கம். யாரும் பிராவிடன்ஸுக்குப் பஸ் ஏறிப் போய் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. வாதம் புதிதாக இருக்கிறதா, சான்றுகளைக் கையாளும் விதம் நம்பும்படி இருக்கிறதா, எழுத்து நிற்கிறதா, இதைத்தான் பார்ப்பார்கள். சரிபார்ப்பது பரிசுக்கு அப்புறம், பல வருஷங்களில், மற்றவர்கள் அதே பெட்டிகளைத் திறக்கும்போது நடப்பது. பரிசு கிடைத்ததால்தான் அத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்றும் சொல்லலாம். பரிசே இல்லாமல் ஒரு மூலையில் கிடந்திருந்தால் அந்த எண்ணிக்கையை யார் எண்ணப் போகிறார்கள்?

வாத்தியார் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று. எமரி வைத்த மூவர் குழுவில் ஒருவர் லாரல் தாட்சர் உல்ரிக். அவரே 1991ல் பான்கிராஃப்டும் புலிட்சரும் வாங்கியவர். சான்று என்றால் என்ன என்று காட்ட அவர் புத்தகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மார்த்தா பாலர்ட் என்று ஒரு மருத்துவச்சி. மெயின் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றங்கரையில் ஹாலவெல் என்ற ஊர். 1785லிருந்து 1812 வரை, 27 வருஷம், தினமும் இரண்டு மூன்று வரி நாட்குறிப்பு எழுதினார். இன்று மழை, பீன்ஸ் நட்டேன், இன்னார் வீட்டில் பிரசவம், கூலி இவ்வளவு வந்தது, இப்படி. முன்னால் அதைப் புரட்டிய வரலாற்றாசிரியர்கள் அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உல்ரிக் அந்த அற்ப விஷயங்களைத்தான் எண்ணினார். 816 பிரசவங்கள். யார் வீட்டுக்கு யார் போனார்கள், யார் கடன் தீர்த்தார்கள், யாருக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே குழந்தை பிறந்தது, அப்பன் யார் என்று பிரசவ வலியில் அந்தப் பெண் சொன்னது, எல்லாம் அந்த இரண்டு வரிக்குள் இருந்தது.

ஒரு இடம் மட்டும். 1789 அக்டோபர். ஹன்னா சூவல் என்ற இளம்பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வீட்டார் பயந்துபோய் பேஜ் என்ற இளம் டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். அவர் 20 சொட்டு அபின் தைலம் கொடுக்கிறார். பெண் மயங்கிவிடுகிறாள், நன்றாக வந்துகொண்டிருந்த வலி சாயங்காலம் வரை நின்றுபோகிறது. அப்புறம் வாந்தி எடுத்து, வலி திரும்பி, 7 மணிக்கு ஆண் குழந்தை. மார்த்தா அந்த டாக்டரைத் திட்டவில்லை. சொட்டுக் கணக்கையும் மணியையும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆண் டாக்டர்கள் பிரசவ அறைக்குள் நுழைந்த காலம் எப்படி இருந்தது என்பதற்கு உல்ரிக் அந்த நாலு வரியைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதலில் நாட்குறிப்பு வரிகள் அப்படியே இருக்கும், அப்புறம்தான் அவர் பேச்சு. நம்பாவிட்டால் நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

#11 எட்டயபுரத்தான்

பூனை சொன்னது சரி. ஆனால் ஆவணத்தைக் காட்டு, காட்டாவிட்டால் பொய் என்று நேர்கோடாகப் போகவும் முடியாது. ஹெதர் ஆன் தாம்ப்ஸன் எழுதிய 'பிளட் இன் தி வாட்டர்'. 2017ல் பான்கிராஃப்ட், புலிட்சர் இரண்டும்.

1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ச்சி. நாலு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மாநிலப் போலீஸ் சுட்டுக்கொண்டே உள்ளே போனது. அந்தத் தாக்குதலில் மட்டும் 39 பேர் சாவு, அதில் 10 பேர் பிணைக்கைதிகளாக இருந்த சிறை ஊழியர்கள். கைதிகள் பிணைக்கைதிகளின் கழுத்தை அறுத்துவிட்டார்கள் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள், பத்திரிகைகளும் போட்டன. பிரேதப் பரிசோதனை செய்தவர் எல்லாம் துப்பாக்கிக் குண்டு என்றார். கைதிகளிடம் துப்பாக்கியே கிடையாது.

மாநில அரசு பல ஆவணங்களை மூடி வைத்தது. தாம்ப்ஸனுக்கு எரி மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு குவியல் காகிதம் கண்ணில் பட்டது. சுட்டவர்கள் யார் என்று விசாரணையில் வந்த பெயர்கள்கூட அதில். பிறகு அந்தக் காகிதங்கள் அங்கே இல்லை என்கிறார் அவர். இப்போது யாராவது போய்ச் சரிபார்க்கிறேன் என்றால் என்ன செய்வது? ஒருவர் காட்டிய ஆவணம் எப்போதோ எரிந்தது. இன்னொருவர் பார்த்த ஆவணம் பார்த்த பிறகு மறைந்தது. வெளியிலிருந்து பார்க்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஒரு அடிக்குறிப்பை மட்டும் பிடித்துத் தொங்காமல், மற்றச் சான்றுகளோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். அங்கேதான் வாசகனுக்கும் வேலை இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை நியூயார்க் சிறைகளில் கைதிகள் படிக்க விடவில்லை என்று 2022ல் தாம்ப்ஸன் வழக்குப் போட்டார். இதைவிடப் பெரிய பரிசு வேண்டுமா?

#12 கரிசல்

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். நாங்கள் பருத்தி வியாபாரக் குடும்பம், அதனால் ஒரு இடைச்செருகல்.

2015 பான்கிராஃப்ட் வாங்கிய இரண்டில் ஒன்று ஸ்வென் பெக்கர்ட் எழுதிய 'எம்பயர் ஆஃப் காட்டன்'. அமெரிக்க வரலாற்றுப் பரிசு என்கிறார்கள், ஆனால் புத்தகத்தில் பாதி லங்காஷயர், எகிப்து, இந்தியா. உள்நாட்டுப் போருக்கு முன் இங்கிலாந்து ஆலைகள் வாங்கிய பருத்தியில் நூற்றுக்கு 77 அமெரிக்காவிலிருந்து போனது, அதாவது அடிமைகள் பறித்தது. 1861ல் போர் தொடங்கி வட மாநிலங்கள் தென் மாநிலத் துறைமுகங்களை மறித்ததும் ஆலைகள் காய்ந்தன. உடனே வெள்ளைக்காரன் பார்வை நம் பக்கம் திரும்பியது. பம்பாயில் பணம் கொழித்தது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி அந்தப் பேர் கொண்டே வெளிநாட்டுச் சந்தையில் விலைபோன சரக்கு, அதற்கும் கிராக்கி. 1865ல் போர் முடிந்தது, விலை விழுந்தது, பம்பாயில் வரிசையாகத் திவால். மானாவாரி நிலத்தில் தானியத்தைக் குறைத்துப் பருத்தி போட்ட சம்சாரிக்கு விலை விழுந்தால் சாப்பாட்டுக்கே திண்டாட்டம், அதை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, அமெரிக்க வரலாறு எங்கே முடிகிறது? டக்மனைப் பின்வாசலில் விட்ட காலம் போய்விட்டதா?

#13 நூலகப்பூனை

கரிசல் அண்ணா, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2022 புலிட்சர் வரலாற்றுப் பரிசு வாங்கிய இருவரில் ஒருவர் ஏடா ஃபெரர். கியூபாவில் பிறந்தவர். புத்தகம் கியூபாவின் ஐந்நூறு ஆண்டு வரலாறு, துணைத்தலைப்பில் அமெரிக்க வரலாறு என்றே போட்டுவிட்டார். அமெரிக்காவைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதுதான் புத்தகமே. 2025ல் வாங்கியவர்களில் கேத்லீன் டுவாலும் உண்டு, பூர்வகுடி நாடுகளின் ஆயிரம் ஆண்டு வரலாறு. அமெரிக்கா என்ற நாட்டுக்கு வயது 250, புத்தகத்துக்கு 1,000.

#14 ராஜி_நியூஜெர்சி

குமார் சார் முதலில் கேட்ட பண விஷயத்துக்கு யாருமே முழுசாகப் பதில் சொல்லவில்லை. லிங்கன் பரிசு 50,000, ஜார்ஜ் வாஷிங்டன் பரிசும் 50,000. பான்கிராஃப்ட் 10,000லேயே நிற்கிறது.

என் கருத்து: லிங்கன் பரிசு 1990ல் கில்டர், லேர்மன் என்ற இரண்டு முதலீட்டாளர்கள் பணத்தில் கெட்டிஸ்பர்க் கல்லூரியோடு சேர்ந்து ஆரம்பித்தது. நல்ல காரியம்தான், அதே இருவர் பெயரில் யேல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் மையம் அடிமைமுறை பற்றிய நூல்களுக்கு ஃபிரெடரிக் டக்ளஸ் பரிசு கொடுக்கிறது, அது 25,000. ஆனால் இவையெல்லாம் ஒரு ஆளை, ஒரு காலத்தைச் சுற்றியவை. லிங்கனைப் பற்றி ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் புத்தகம் இருக்கிறது. அதற்கு மேலும் 50,000 டாலர் வைத்தால் இன்னும் ஒரு லிங்கன் புத்தகம் வரும். மருத்துவச்சி நாட்குறிப்பை எழுத யாரும் 50,000 வைக்கவில்லையே.

#15 பழைய வாத்தியார்

அம்மா ராஜி, நீங்கள் புலிட்சர் கட்சி என்றீர்கள், இந்தக் கணக்கைப் பாருங்கள். 1992. அந்த ஆண்டு பான்கிராஃப்ட் வாங்கியவற்றில் வில்லியம் குரோனனின் 'நேச்சர்ஸ் மெட்ரோபொலிஸ்' ஒன்று. புலிட்சரில் அது இறுதிப் பட்டியலோடு நின்றது. வாங்கியது? லிங்கனும் குடிமக்கள் உரிமையும் பற்றிய புத்தகம். மோசமான புத்தகம் இல்லை, நானும் படித்திருக்கிறேன். ஆனால் இன்று வகுப்பறையில் உயிரோடு இருப்பது குரோனன்.

சிகாகோ எப்படிச் சிகாகோ ஆனது என்பது விஷயம். அதில் கோதுமை அத்தியாயம் ஒன்று போதும். முன்னெல்லாம் விவசாயி மூட்டை கட்டிப் படகில் அனுப்புவான். மூட்டையில் அவன் பெயர் இருக்கும், விற்கிறவரை அது அவனுடைய கோதுமை. ரயிலும் நீராவியால் இயங்கும் பெரிய தானியக் கிடங்குகளும் வந்தபிறகு மூட்டைக்கு வேலையில்லை. தானியத்தைக் கொட்டி, மேலே ஏற்றி, மற்றவர்கள் தானியத்தோடு கலந்துவிட்டார்கள். கலக்க வேண்டுமென்றால் முதலில் தரம் பிரிக்க வேண்டும். வர்த்தகச் சபை தரம் வகுத்தது. விவசாயி கையில் கோதுமைக்குப் பதில் ஒரு ரசீது. அப்புறம் ரசீதை விற்றார்கள், வாங்கினார்கள். அதற்கப்புறம் இன்னும் விளையாத கோதுமையை விற்க ஆரம்பித்தார்கள். இன்று நாம் பொருள் சந்தை என்று சொல்லும் முன்பேர வியாபாரம் மூட்டையை அவிழ்த்த இடத்தில் தொடங்குகிறது என்று படிப்படியாகக் காட்டுவார்.

குமாருக்கு என் யோசனை: பரிசு பெற்ற பட்டியலோடு புலிட்சர் இறுதிப் பட்டியல்களையும் பாருங்கள், இணையத்தில் ஆண்டுவாரியாக இருக்கிறது. நடுவர்கள் படித்துச் சொன்னது அந்த மூன்றும்தான். வாரியம் அதில் எதை எடுத்தது என்பது இரண்டாம் பட்சம்.

#16 கீழவாசல் குமார்

ஐயா, மிக்க நன்றி. முப்பது வருஷம் வங்கியில் தானியக் கிடங்கு ரசீதை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்தவன் நான்! அந்த அத்தியாயத்தை விடமாட்டேன். உல்ரிக் புத்தகத்தை மகளிடம் சொல்லிவிட்டேன். பூனை மேடம், மார்த்தாவின் நாட்குறிப்பு முழுவதும் அச்சில் கிடைக்கிறதா, இல்லை உல்ரிக் எடுத்துக்காட்டிய பகுதி மட்டும்தானா?

#17 நூலகப்பூனை

கிடைக்கிறது சார், இணையத்தில் கையெழுத்துப் பக்கங்களையே பார்க்கலாம். எழுத்துப்பிழைகள் ஏராளம், முதல் பத்துப் பக்கம் சிரமம். பிறகு பழகிவிடும். பிரசவம் நடந்த நாள்களுக்கு ஓரத்தில் தனிக் குறி போட்டிருப்பார், அதை வைத்துத் தேடுங்கள்.

#18 எட்டயபுரத்தான்

வாத்தியார் ஐயா, டு பாய்ஸ் பாக்கி இன்னும் தீரவில்லை. தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.